வயது தீர்ப்பாகாது: முதுமையில் மார்பகப் புற்றுநோய் குறித்த கொள்கைப் பிரகடனம்

எழுபதைக் கடந்த பெண்ணின் மார்பில் தோன்றும் புற்றுக்கு மருத்துவம் உண்டு. அந்த மருத்துவத்தை அவளுடைய உடலுக்கும் அவளுக்கு எஞ்சியிருக்கும் ஆயுளுக்கும் பொருத்தி அளந்து கொடுக்கும் அறிவும் இன்று உண்டு. இரண்டும் ஒரே கையால் அவளுக்கு வழங்கப்பட வேண்டும் என்பதற்காக இவ்வியக்கம் பிறக்கிறது.

நாங்கள் மருத்துவர்கள், செவிலியர்கள், புள்ளியியல் பயின்றவர்கள், நோயைக் கண்டு கடந்த மூதாட்டிகள், அவர்களோடு மருத்துவமனை வராந்தாக்களில் காத்துக் கிடந்த மகள்கள், மருமகள்கள், பேரன்கள். இரக்கத்தைவிட அறிவின் மீது எங்களுக்கு நம்பிக்கை அதிகம். இரக்கம் முதியவளின் கையைத் தடவிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தது; அறிவு அவளை நடக்கச் சொல்கிறது, பேசச் சொல்கிறது, எண்ணிப் பார்க்கிறது, பிறகே முடிவு கூறுகிறது.

பழைய ஒழுங்கு முதிய பெண்ணை இரண்டு வாக்கியங்களால் ஆண்டது. "இந்த வயசுக்கு மேல எதுக்கும்மா இதெல்லாம்" என்பது ஒன்று. "எல்லாருக்கும் குடுக்கிறதைத்தான் இவங்களுக்கும் குடுக்கிறோம்" என்பது மற்றொன்று. முன்னது குறைமருத்துவத்தை ஈன்றது. பின்னது மிகைமருத்துவத்தை வளர்த்தது. ஒன்று கைவிடுதலுக்குக் கருணை என்று பெயரிட்டது; மற்றொன்று வதைக்குக் கடமை என்று பெயரிட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: எதிரே அமர்ந்திருப்பவளைப் பார்க்காமல், கோப்பில் இருக்கும் பிறந்த ஆண்டைப் பார்த்தல். அந்த ஒழுங்கோடு வாதாட எங்களுக்கு நேரமில்லை. அதன் காலம் முடிந்தது.

அது எதன் மீது நின்றது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அந்நாட்டு மார்பகப் புற்றுநோயாளிகளில் 65 வயதை எட்டியவர்கள் 49 சதவீதம். அவர்கள் ஆராய்ந்த மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளில் அதே வயதினரின் பங்கு 9 சதவீதம். நோயில் பாதி அவர்களுடையது. ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்கு இல்லை. ஐம்பது வயதுப் பெண்களின் உடலில் சோதித்துப் பெற்ற உண்மைகள் எண்பது வயதுப் பெண்களின் உடலுக்குக் கட்டளைகளாக எழுதப்பட்டன. யூகம் நெறியாயிற்று, நெறி பழக்கமாயிற்று, பழக்கம் தன்னை அறிவியல் என்று அழைத்துக்கொண்டது.

வரலாறு எங்கள் பக்கம் நிற்கிறது. மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றும் ஹால்ஸ்டெட்டின் பேரறுவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பால்டிமோரில் பிறந்து, முக்கால் நூற்றாண்டு கேள்வியின்றி ஆண்டது. அதிகம் வெட்டினால் அதிகம் காப்பாற்றலாம் என்பது அதன் மதம். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்த்தோ வெரொனேசியும் அந்த மதத்தை ஆய்வின் முன் நிறுத்தினார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்த பெண்களும் மார்பகத்தை முழுதாக இழந்த பெண்களும் ஒரே அளவு வாழ்ந்தார்கள் என்பது இருபதாண்டுப் பின்தொடர்வுடன் 2002-இல் உறுதியாயிற்று. அந்த மாபெரும் விடுதலையின் முதல் பாதி நடுவயதுப் பெண்களுக்குச் சென்றது. மறுபாதி முதியவர்களுக்கு உரியது. அதைப் பெற்றுத்தரும் பணி எங்களுடையது.

எங்கள் கொள்கையின் முதல் சொல் அளத்தல். நாட்காட்டி வயது ஒரு தகவல். உடலின் வயதே உண்மை. எழுபத்தெட்டு வயதில் கிணற்றடியில் நீர் இறைக்கும் பெண்ணும், அதே வயதில் கட்டிலை விட்டு எழ மருமகளின் தோளைத் தேடும் பெண்ணும் ஒரே நோயாளி அல்லர். இந்த வேறுபாட்டைக் கண்ணால் யூகிக்க வேண்டியதில்லை, எண்ணால் அறியலாம். ஜி-8 என்னும் எளிய வினாப்பட்டியல் பதினேழு மதிப்பெண்ணுக்கு உரியது. பசி, எடை இழப்பு, நடமாட்டம், நினைவு, மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அது கேட்கிறது. பதினான்கோ அதற்குக் குறைவோ வந்தால் முழுமையான முதியோர் மதிப்பீடு தேவை. செவிலியர் ஒருவர் சில நிமிடங்களில் முடிக்கக்கூடிய வேலை இது. முழு மதிப்பீடு இன்னும் ஆழமாகச் செல்கிறது: தானே குளிக்கிறாரா, தானே சமைக்கிறாரா, கடந்த ஆறு மாதத்தில் விழுந்தாரா, மனம் சோர்ந்திருக்கிறதா, இரவில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவார்.

இக்கேள்விகள் உபசாரம் என்று எண்ணியவர்களுக்கு 2021-இல் விடை கிடைத்தது. சுப்ரியா மொஹிலே தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, முற்றிய புற்றுநோய் கொண்ட எழுபது வயதுக்கு மேற்பட்ட 718 பேரை எடுத்துக்கொண்டது. முதியோர் மதிப்பீட்டின் முடிவுகளும் அவற்றையொட்டிய பரிந்துரைகளும் மருத்துவரின் கைக்குச் சென்ற குழுவில், மருந்தின் கடும் பக்கவிளைவுகளுக்கு ஆளானோர் 51 சதவீதம். அவை செல்லாத குழுவில் 71 சதவீதம். ஆயுள் குறையவில்லை. புதிய மருந்து ஏதும் இல்லாமல், கேட்டு அறிந்ததைக் கொண்டே இவ்வளவு துன்பம் தவிர்க்கப்பட்டது. இதற்கு நிகரான பலனை ஒரு மாத்திரை தந்திருந்தால் அதன் விலையை நாம் நினைத்துப் பார்க்க முடியாது.

தமிழ் மண்ணுக்கு இந்த அறிவு புதிதன்று. இந்தியாவில் முதியோர் மருத்துவத்தின் முன்னோடியான வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் அதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். முத்துலட்சுமி ரெட்டி நட்டு, சாந்தா வளர்த்த அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் நிற்கிறது. முதியோர் மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் ஒரே நகரத்தில் நெடுங்காலமாக வாழ்கின்றன. அவை ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசுவது எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும். இது கோரிக்கை அன்று. இது எங்கள் செயல்திட்டம்.

இரண்டாவது சொல் கணித்தல். இதில் நாங்கள் சற்று நின்று பேசுவோம். ஏனெனில் பழைய ஒழுங்கு மிகவும் தடுமாறிய இடம் இது.

அறுவை முடிந்து தையல் பிரித்த அன்று எந்தப் பெண்ணும் கேட்கும் கேள்வி ஒன்றே: "திரும்ப வருமா, டாக்டர்?" நோய் அதே மார்பிலோ அக்குளிலோ திரும்பலாம், எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை எனத் தொலைவில் எழலாம். முன்னதை மீண்டும் வெட்டி எடுக்க வழியுண்டு. பின்னது உயிரோடு விளையாடுவது. இதை முன்னறியும் முயற்சி பழையது. கட்டியின் அளவு, அக்குள் முடிச்சுகளின் நிலை, செல்களின் தரம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாக்கிய நாட்டிங்ஹாம் குறியீடு 1982-இல் வந்தது. 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் எழுபது மரபணுக்களின் கையெழுத்து படிக்கப்பட்டது. 2004-இல் அமெரிக்காவில் இருபத்தொரு மரபணுக்கள் கொண்ட மதிப்பெண் வந்தது. பெங்களூரில் ஐந்து உயிர்க்குறிகளைக் கொண்டு மீள்வருகையைக் கணிக்கும் கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்னும் சோதனையும் உருவாகியிருக்கிறது. இவை மானுட அறிவின் பெருமைகள். ஆனால் இவை கட்டியிடம் மட்டுமே பேசின. கட்டியைச் சுமப்பவளிடம் பேசவில்லை.

கணிப்பு என்றால் என்ன என்பதை ஓர் ஆய்வு எங்களுக்குக் கற்பித்தது. அமெரிக்காவில் 1990களில், எழுபது வயதைக் கடந்த 636 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் தொடக்க நிலைச் சிறு கட்டி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டி. கட்டி மட்டும் அகற்றப்பட்டது. எல்லாரும் ஹார்மோன் மாத்திரையான தமோக்சிஃபென் உண்டார்கள். பாதிப் பேருக்குக் கதிர்வீச்சும் தரப்பட்டது, மறுபாதிக்குத் தரப்படவில்லை. பத்தாண்டு முடிவில், கதிர்வீச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் அதே இடத்தில் நோய் திரும்பியது. வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை. இதற்குப் பிறகு வரும் எண்ணே எங்கள் இயக்கத்தின் கருவறை: 2013-இல் அறிக்கை வெளியானபோது 334 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21 பேர். மீதி 313 பேரை வேறு ஏதோ ஒன்று கொண்டு சென்றது.

முதுமையில் மீள்வருகையைக் கணிப்பதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. முதிய உடலின் வாசலில் புற்றுநோய் மட்டும் நிற்கவில்லை. இதயம், சிறுநீரகம், பக்கவாதம், இடுப்பு முறிவு எல்லாம் நிற்கின்றன. எது முதலில் நுழையும் என்பதே கேள்வி. பழைய கணக்கு முறை, வேறு நோயால் இறந்தவளை "இன்னும் புற்றுநோய் திரும்பக் காத்திருப்பவள்" என்பதுபோல் பாவித்துக் கணக்கிலிருந்து விலக்கியது. அதனால் மீள்வருகையின் வாய்ப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இறந்தவளுக்கு நோய் திரும்பாது என்னும் எளிய உண்மை அந்தக் கணக்கில் ஏறவில்லை. போட்டியிடும் ஆபத்துகளைச் சேர்த்து எண்ணும் முறை கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் புள்ளியியலில் இருக்கிறது. மருத்துவரின் மேசைக்கு வந்து சேரத்தான் இவ்வளவு தாமதம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதை மறைக்கும் இயக்கம் நாங்கள் அல்ல. ஏற்பி உள்ள கட்டிகள் பொறுமையுள்ளவை. ஐந்தாண்டு ஹார்மோன் மாத்திரையை நோயின்றி முடித்த 62,923 பெண்களின் தரவுகளை ஒன்றிணைத்த பகுப்பாய்வு 2017-இல் வந்தது. ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை, தொலைவில் நோய் எழும் ஆபத்து ஓயாமல் சீராக நீடித்தது. சிறு கட்டி, பரவாத முடிச்சு என்றிருந்தவர்களுக்கும் அந்தப் பதினைந்தாண்டில் அது 13 சதவீதம். நல்ல உடல்நிலையில் உள்ள 66 வயதுப் பெண்ணுக்கு இருபதாண்டு என்பது கற்பனை அன்று. எழுபதை எட்டிய இந்தியப் பெண்ணுக்குச் சராசரியாகவே பத்தாண்டுக்கு மேல் வாழ்வு மிச்சமிருக்கிறது. "வயசாயிடுச்சு, விடுங்க" என்று சொல்பவர் அந்தப் பத்தாண்டைத் தன்னுடையதுபோல் தள்ளுபடி செய்கிறார்.

எனவே இரண்டு எண்களை ஒருசேரச் சொல்லாத கணிப்பை நாங்கள் கணிப்பாக ஏற்பதில்லை. நோய் திரும்பும் வாய்ப்பு ஒன்று. அதற்குமுன் வேறொன்றால் வாழ்வு முடியும் வாய்ப்பு மற்றொன்று. பழைய கருவிகள் இதில் தோற்றதை நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள்: உலகெங்கும் மருத்துவர்கள் நம்பியிருந்த அட்ஜுவன்ட் ஆன்லைன், 65 வயதைக் கடந்த பெண்கள் உண்மையில் வாழ்ந்ததைவிட நீண்ட வாழ்வைக் கணித்திருந்தது. கேம்பிரிட்ஜின் பிரெடிக்ட் உயிர்வாழ்வைச் சொல்கிறது, மீள்வருகையைச் சொல்வதில்லை. அதே லெய்டனிலிருந்து 2021-இல் போர்ட்ரெட் வந்தது. 65 வயதைக் கடந்த பெண்களுக்கெனவே கட்டப்பட்டு, அவர்களின் முதுமை நிலையையும் உள்ளே எடுத்துக்கொண்டு, ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பையும் பிற காரணங்களால் இறக்கும் வாய்ப்பையும் தனித்தனியே சொல்லும் கருவி அது. திசை சரியானது. ஆனால் அது டச்சுப் பெண்களின் வாழ்விலிருந்து கடைந்தெடுத்த கணக்கு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வேறு வேகத்தில் நடக்கும் எங்கள் மூதாட்டிகளுக்கு அதை அப்படியே பொருத்தமாட்டோம். இங்கே சோதித்து, இங்கே திருத்தி, இங்கே பயன்படுத்துவோம்.

அதற்குத் தடையாக நிற்பது ஒரு வெற்றுக் கட்டம். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து நோயையும் இறப்பையும் எண்ணிவருகிறது. நாட்டின் மூத்த பதிவேடுகளில் அதுவும் ஒன்று. அதன் உழைப்புக்குத் தலைவணங்குகிறோம். ஆயினும் மக்கள்தொகைப் பதிவேடுகள் பொதுவாகப் புதிய நோயாளியையும் மரணத்தையும் பதிவு செய்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நோய் திரும்பிய நாளைப் பதிவதில்லை. எண்ணப்படாததைக் கணிக்க முடியாது. மீள்வருகைக்கு ஒரு கட்டம், நடமாட்டத்துக்கு ஒரு கட்டம், பிற நோய்களுக்கு ஒரு கட்டம்: இம்மூன்றும் ஒவ்வொரு பதிவேட்டிலும் ஏறும்வரை ஓயமாட்டோம்.

மூன்றாவது சொல் பொருத்துதல். இங்கே எங்களுக்குச் சூத்திரம் இல்லை; ஆனால் ஒழுக்கம் உண்டு.

கதிர்வீச்சை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊர்களில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். எடின்பரோவிலிருந்து நடத்தப்பட்ட பிரைம்-2 ஆய்வில் 65 வயதைக் கடந்த 1,326 பெண்கள். முடிச்சில் பரவாத, மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத, ஏற்பி உள்ள கட்டிகள். பத்தாண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது கதிர்வீச்சு இல்லாதவர்களில் 9.5 சதவீதம், பெற்றவர்களில் 0.9 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் இருபக்கமும் ஏறத்தாழ 81 சதவீதம். இந்த எண்களை வைத்து ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வது அறியாமை அன்று. வேண்டும் என்று சொல்வதும் அச்சம் அன்று. ஆனால் அந்தத் தவிர்ப்பு முழுக்க ஹார்மோன் மாத்திரையின் தோள்மீது நிற்கிறது. மூட்டுவலியால் ஆறாம் மாதமே மாத்திரையை நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாத பெண்ணுக்கு இந்த எண்கள் பொருந்தா. அப்படிப்பட்டவருக்குக் கதிர்வீச்சே மேலாக இருக்கலாம். மாத்திரையை விட்டுக் கதிர்வீச்சை மட்டும் ஏற்றவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம், மாத்திரையை மட்டும் ஏற்றவர்களைவிட மேலாக இருந்ததை இத்தாலியர் தலைமையிலான யூரோப்பா ஆய்வின் இடைக்கால முடிவு காட்டுகிறது. கதிர்வீச்சும் பழைய கதிர்வீச்சு அன்று. வாரக்கணக்கில் நாள்தோறும் வரச்சொன்ன முறைக்கு மாற்றாக, ஐந்தே அமர்வுகளில் ஒரு வாரத்தில் முடிக்கலாம் என்பதை 2020-இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு நிறுவிவிட்டது. இரண்டு பேருந்து மாறி வரும் மூதாட்டிக்கு இதைச் சொல்லாமல் "வர முடியாது என்று மறுத்துவிட்டார்" என்று கோப்பில் எழுதுவதை நாங்கள் மறுக்கிறோம்.

கீமோவில் பாடம் இன்னும் கூர்மையானது. மூன்று ஆய்வுகள் மூன்று விடைகள் தந்தன. 65 வயதைக் கடந்த பெண்களுக்கு வழக்கமான கீமோ கடுமை என்று எண்ணி, மென்மையான கேபசிட்டபின் மாத்திரையைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2009-இல் வந்தது. மாத்திரைக் குழுவில் நோய் திரும்புதலும் இறப்பும் ஏறத்தாழ இருமடங்கு. அங்கே மென்மை தீங்காயிற்று. 2020-இல் ஜப்பானின் ரெஸ்பெக்ட் ஆய்வு, 70 முதல் 80 வயது வரையான, ஹெர்-2 புரதம் மிகுந்த நோயாளிகளில், அப்புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாபை வைத்துக்கொண்டு கீமோவை மட்டும் விட்டுப் பார்த்தது: மூன்றாண்டில் நோயின்றி இருந்தவர்கள் 89.5 சதவீதம், கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 93.8 சதவீதம். அங்கே இழப்பு சிறிது, நிம்மதி பெரிது, தேர்வு நோயாளியுடையது. 2025-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, எழுபது வயதைக் கடந்தவர்களில் ஏற்பி உள்ள நோய்க்கு, மரபணுக் குறியீடு உயர் ஆபத்து என்று சொன்னபோதும், ஹார்மோன் மருத்துவத்தோடு கீமோவைச் சேர்ப்பது ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவில் நீட்டவில்லை என்றது. அங்கே மரபணுவின் எச்சரிக்கை மட்டும் போதவில்லை. மூன்று இடத்திலும் வயது கிட்டத்தட்ட ஒன்றே. நோயின் இயல்பு வேறு, விடையும் வேறு. "முதியவர்களுக்குக் கீமோ உண்டா, இல்லையா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பவரின் கேள்வியே பிழை.

அறுவையிலும் அப்படியே. வெட்டாமல் ஹார்மோன் மாத்திரை மட்டும் கொடுத்துவிடும் வழக்கம் முதியவர்களில் பரவலாக இருந்தது. சில ஆண்டுகளே எஞ்சியிருக்கும் தளர்ந்த உடலுக்கு அது நேர்மையான மருத்துவம். திடமான உடலுக்கு அது தள்ளிப்போடப்பட்ட ஆபத்து. மாத்திரைக்குக் கட்டி பழகிவிட்ட நாளில் அவர் இன்னும் முதிர்ந்திருப்பார், அறுவை இன்னும் கடினமாகியிருக்கும். எழுபதைக் கடந்தவர்களைப் பற்றி மட்டுமே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஏஜ் கேப் ஆய்வு, இந்த வேறுபாட்டை நோயாளியோடு பேசி முடிவெடுப்பதற்கான கருவியையே உருவாக்கியிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்தே எண்ணுவோம். லெட்ரோசோல் வகை ஹார்மோன் மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கின்றன; தமோக்சிஃபென் ரத்தக்கட்டை உண்டாக்கலாம். திரும்பி வராமலே போயிருக்கக்கூடிய நோய்க்காகத் தொடையெலும்பை இழந்து படுக்கையில் வீழ்வது வெற்றி அன்று. எலும்பின் அடர்த்தியை அளக்காமல் ஐந்தாண்டுச் சீட்டு எழுதும் கையை நாங்கள் தடுப்போம்.

நாங்கள் மறுப்பவற்றை உரக்கச் சொல்கிறோம். "வயசான பொம்பளைக்கு மார்பு எதுக்கு" என்று சொல்லாமல் சொல்லி முழு மார்பகத்தையும் எடுத்துவிடும் வசதியை மறுக்கிறோம். தன் உடலைப் பற்றிய மானம் அறுபதோடு காலாவதியாவதில்லை. வயதுக் கோட்டால் ஆய்வுகளின் கதவைச் சாத்துவதை மறுக்கிறோம். நாடு 2016-இல் வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் முப்பது வயதில் தொடங்கி அறுபத்தைந்தில் நின்றுவிட்டது. நோய் அங்கே நிற்பதில்லை, நாங்களும் நிற்கமாட்டோம். எண்பது வயது வரை தன் கணக்கைத் தானே பார்த்த பெண்ணை அறைக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்று மகன் பேசும் பேரத்தை மறுக்கிறோம். அன்பு அந்த வாக்கியத்தைப் பேச வைக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். தாங்கமுடியாமல் போவது பெரும்பாலும் மகனுக்குத்தான் என்பதும் தெரியும்.

நாங்கள் காணும் நாளை கனவு அன்று. அதன் உறுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. எழுபது வயதைக் கடந்த எல்லாருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அரசு மருத்துவக் காப்பீடு என்பது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பணம் வந்துவிட்டது, அளவுகோல் வர வேண்டும். அளவுகோல் இல்லாத பணம் மிகைமருத்துவத்துக்கே எண்ணெய் ஊற்றும். தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்குச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது. அத்திட்டத்தின் பெண் ஊழியர் ஹார்மோன் மாத்திரை தீர்ந்ததா, மூட்டு வலிக்கிறதா, புதிதாக முதுகெலும்பில் நோவு உண்டா என்று கேட்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறைகூடப் பெருநகர மருத்துவமனைக்கு வர இயலாதவளை மீள்வருகைக் கண்காணிப்புக்குள் கொண்டுவர இதைவிட எளிய பாதை இல்லை. கணிக்கும் கருவி கைப்பேசியில் அடங்கும். கேட்கும் பொறுமைதான் பயிற்சியில் வர வேண்டும். மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அதற்கு இடம் கேட்போம், கிடைக்கும்.

மருத்துவத் தோழர்களே, நோயாளியைப் பற்றி நீங்கள் கூடி முடிவெடுக்கும் அடுத்த ட்யூமர் போர்டில் "வயது 76" என்று வாசித்து நிறுத்தாதீர்கள்; அவர் எத்தனை அடி நடந்தார், எத்தனை மாத்திரை உண்கிறார், வீட்டில் யார் இருக்கிறார் என்பதையும் வாசியுங்கள். ஆய்வு நடத்துவோரே, சேர்க்கை விதிகளில் மேல்வயதுக் கோட்டை அழியுங்கள். பதிவேட்டாளர்களே, அந்த வெற்றுக் கட்டத்தைத் திறந்துவையுங்கள்.

எழுபதைக் கடந்த தாய்மார்களே, நீங்கள்தான் இவ்வியக்கத்தின் முதல் உறுப்பினர்கள். அடுத்த முறை மருத்துவர் முன் அமரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த நோய் எனக்குத் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு? நீங்கள் சொல்லும் மருத்துவம் அதில் எவ்வளவைக் குறைக்கும்? என் உடல் அதைத் தாங்குமா என்று எதை வைத்து அளந்தீர்கள்? விடை கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். உங்கள் பக்கத்தில் நாங்கள் அமர்ந்திருப்போம்.